செல்ஃப் எடுக்கவில்லையா? கேபிளை மாட்டும் முன் அறிகுறியைப் பாருங்கள்

சாவியைத் திருப்புகிறீர்கள், செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு வண்டி நிற்கிறது, டிக்கியில் ஜம்பர் கேபிளும் கிடக்கிறது. உடனே பானெட்டைத் திறக்கத்தான் கை போகும். ஆனால் முதலில் சீட்டிலேயே ஒரு நிமிடம் உட்கார்ந்து இன்னொரு முறை திருப்பிப் பாருங்கள். என்ன சத்தம் வந்தது? டேஷ்போர்டு விளக்கு எரிந்ததா, மங்கியதா, அணைந்தே போனதா? ஜம்ப் ஸ்டார்ட், அதாவது இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் வழியாக மின்சாரம் வாங்கி ஸ்டார்ட் செய்வது, தீர்த்துவைப்பது ஒரே ஒரு கோளாறைத்தான்: பேட்டரியில் சார்ஜ் இறங்கிப்போனது. மற்ற எந்தக் கோளாறுக்கும் கேபிள் மாட்டிப் பயனில்லை. சிலவற்றில் மாட்டுவதே ஆபத்து.

அதனால் இந்த வழிமுறை அறிகுறியிலிருந்து தொடங்குகிறது.

முதலில்: கேபிளைத் தொடவே கூடாத நிலைமைகள்

பானெட்டைத் திறந்ததும் பேட்டரியை வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். டார்ச் போதும், தீக்குச்சி, லைட்டர் வேண்டவே வேண்டாம். பக்கவாட்டுச் சுவர் உப்பியிருக்கிறதா? விரிசல் இருக்கிறதா? அடியில் ஈரம் கசிந்திருக்கிறதா? அழுகிய முட்டை நாற்றம் வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள். அதைக் கழற்றி மாற்றுவதுதான் வழி. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பேன்.

கடும் குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. சார்ஜ் முழுதாக இருக்கும் பேட்டரி லேசில் உறையாது. ஆனால் சார்ஜ் இறங்கினால் உள்ளிருக்கும் அமிலம் நீர்த்துவிடும். பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே போனாலே உறையத் தொடங்கும். உறைந்த பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தள்ளினால் வெடிக்கலாம். சந்தேகம் இருந்தால் கழற்றிச் சூடான அறையில் வைத்து உருகவிட்டு, விரிசல் இல்லையென்று பார்த்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்.

ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறேன் என்றால், ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடுகிறது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பிடிக்கும். ஒரு சின்னப் பொறி போதும். பேட்டரியின் மேல்மூடி பிய்ந்து கந்தக அமிலம் முகத்தில் தெறிக்கும். ஜம்ப் ஸ்டார்ட்டில் சொல்லப்படும் பாதி விதிகள் இந்தப் பொறியை பேட்டரிக்குப் பக்கத்தில் வரவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

அறிகுறி 1: விளக்கு மங்குகிறது, டக்-டக்-டக் என்று வேகமாகச் சத்தம்

இதுதான் பேட்டரி இறங்கியதற்கான தெளிவான அடையாளம். சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) உள்ளே இழுக்கிறது. மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சத் தொடங்கியதும் பேட்டரியின் வோல்ட்டேஜ் சரிகிறது, சொலினாய்டு பிடியை விடுகிறது. விட்டதும் வோல்ட்டேஜ் கொஞ்சம் எழுகிறது, மறுபடி இழுக்கிறது. இந்த இழுபறிதான் அந்தச் சத்தம். செல்ஃப் மிக மெதுவாக முக்கி முனகிச் சுற்றுவதும் இதே வகைதான்.

இங்கே ஜம்ப் கொடுக்கலாம். அதற்கு முன் டெர்மினல்களை, அதாவது பேட்டரியில் ஒயர் மாட்டும் பிளஸ், மைனஸ் முனைகளை, ஒரு பார்வை பாருங்கள். வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால், பேட்டரியில் சார்ஜ் இருந்தும் அது வெளியே வர முடியாமல் இருக்கலாம்.

அறிகுறி 2: எதுவுமே எரியவில்லை, சத்தமும் இல்லை

நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டியில் திடீரென்று எல்லாமே செத்துப்போனால் என் முதல் சந்தேகம் பேட்டரி மேல் இல்லை, டெர்மினல் மேல்தான். கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். கையோடு சுழன்றால் அது லூஸ். இறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினால் பல வண்டிகள் அப்படியே ஸ்டார்ட் ஆகிவிடும், கேபிளுக்கு வேலையே இருக்காது. இறுக்கும்போது ஸ்பேனர் பிளஸ் டெர்மினலையும் வண்டியின் இரும்பையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் மோதிரம், உலோக வாட்ச் இருந்தால் கழற்றிப் பையில் போடுங்கள். மோதிரம் வழியாக ஷார்ட் ஆனால் விரலில் ஆழமாகத் தீப்புண் ஆகும்.

டெர்மினல் இறுக்கமாக இருந்தும் உயிரே இல்லையென்றால், ஹெட்லைட்டை இரவெல்லாம் விட்டிருக்கலாம். 55 வாட் பல்பு இரண்டு எரிந்தால் சுமார் 9 ஆம்பியர் போகும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியைக் காலிசெய்ய 5 மணி நேரம் போதும். செல்ஃப் எடுக்காத நிலை அதற்கும் முன்பே வந்துவிடும். இங்கேயும் ஜம்ப் கொடுக்கலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும் அவ்வளவுதான்.

அறிகுறி 3: ஒரே ஒரு கனமான 'டக்', விளக்கெல்லாம் பிரகாசம்

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் குறையாமல் ஒரு 'டக்' மட்டும் வந்தால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது. செல்ஃப் மோட்டாரோ, சொலினாய்டின் உள் காண்டாக்டோ, எஞ்சினுக்குப் போகும் எர்த் ஒயரோ தகராறு செய்கிறது. முதல் இரண்டில் ஒன்று என்றால் ஜம்ப் கொடுத்தாலும் அதே 'டக்'தான் வரும். வெளிச்சம் சட்டென்று விழுந்துவிட்டால் அது வேறு கதை, அறிகுறி 1-க்குப் போங்கள்.

அறிகுறி 4: விளக்கு நன்றாக எரிகிறது, 'டக்' கூட இல்லை

ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் கியர் பி-யிலோ என்-னிலோ இருக்கிறதா பாருங்கள். பிரேக்கை முழுதாக மிதித்திருக்க வேண்டும். மேனுவல் வண்டிகள் சிலவற்றில் கிளட்ச்சை அடிவரை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ வேகமாக மினுக்கினால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் கருவி) உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ரிமோட்டின் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல மாடல்களில் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் வேலை செய்யும்.

அறிகுறி 5: செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெட்ரோல் வரவில்லை, ஸ்பார்க் இல்லை, ஏதாவது சென்சார் போயிருக்கிறது. விடாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் நல்ல பேட்டரியையும் இறக்கிவிடுவீர்கள்.

மல்டிமீட்டர் இருந்தால்

எல்லா ஊகத்துக்கும் அது முடிவு கட்டிவிடும். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு டெர்மினல்களில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சார்ஜ் முழுசு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. சார்ஜ் போட்டு எடுத்த பிறகும் 10.5 பக்கத்திலேயே நின்றால் உள்ளே ஒரு செல் செத்துவிட்டது. ஆறு செல்லில் ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தருவதால் இந்தக் கணக்கு. அந்த பேட்டரியை இனிக் காப்பாற்ற முடியாது.

செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவரை மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம்தான்.

ஜம்ப் கொடுக்க முடிவு செய்தாயிற்று. வண்டிகள் பொருந்துமா?

இரண்டும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். லாரி, பஸ் பலவற்றில் 24 வோல்ட். அதிலிருந்து காருக்குக் கொடுத்தால் வண்டியை இயக்கும் மின்னணு கண்ட்ரோல் யூனிட்டுகள் கருகிவிடும். மின்சாரக் காரையோ ஹைப்ரிட் காரையோ உதவி வண்டியாகப் பயன்படுத்தாதீர்கள். அவற்றின் 12 வோல்ட் பேட்டரி பெரும்பாலும் சின்னது, செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்ட்டுக்காக அமைக்கப்பட்டதில்லை. ஆரஞ்சு நிற ஒயர் எங்கே தெரிந்தாலும் கை வைக்கக் கூடாது, அது உயர் மின்னழுத்தம்.

பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும் கார்களில் பானெட்டுக்குள் ஜம்ப்புக்கென்றே தனி முனைகள் வைத்திருப்பார்கள், பிளஸ் முனைக்குச் சிவப்பு மூடி இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நான் சொல்வதும் கையேடு சொல்வதும் முரண்பட்டால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மேலே ரப்பர் தடிமனாக இருந்தால் உள்ளே செம்பும் தடிமனாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது. சின்ன பெட்ரோல் எஞ்சினின் செல்ஃப் மோட்டாரே 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும், டீசல் என்றால் இன்னும் அதிகம். 3 மீட்டர் நீளத்தில் இரண்டு கேபிள், 6 சதுர மில்லிமீட்டர் செம்பு என்று வைத்துக்கொள்வோம். 150 ஆம்பியர் ஓடும்போது கேபிளிலேயே 2.5 வோல்ட் தொலைந்துவிடும். அதே நீளத்தில் 16 சதுர மில்லிமீட்டர் என்றால் இழப்பு சுமார் 1 வோல்ட்தான். பெட்ரோல் காருக்கு 16, டீசலுக்கும் பெரிய எஞ்சினுக்கும் 25 சதுர மில்லிமீட்டர் என்று பார்த்து வாங்குங்கள். 'ஜம்ப் கொடுத்தும் எடுக்கவில்லை' என்று சொல்பவர்கள் முதலில் கேபிளைச் சந்தேகப்பட வேண்டும்.

மாட்டும் வரிசை

வண்டிகளை ஒன்றோடொன்று தொடாதபடி நிறுத்துங்கள். இரண்டிலும் ஹேண்ட்பிரேக், கியர் நியூட்ரலில் அல்லது பி-யில், இரண்டு எஞ்சினும் ஆஃப். விளக்கு, ஏசி, பாட்டு எல்லாம் அணைந்திருக்க வேண்டும். போன் சார்ஜரையும் பிடுங்கிவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யாதீர்கள். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

1. சிவப்பு கிளாம்ப், இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில்.
2. சிவப்பின் மறுமுனை, நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில்.
3. கறுப்பு கிளாம்ப், நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில்.
4. கறுப்பின் மறுமுனை, ஸ்டார்ட் ஆகாத வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத கனமான இரும்பில், அல்லது அதற்கென்று வைத்திருக்கும் எர்த் முனையில். பேட்டரியிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. பெட்ரோல் குழாய், பெல்ட், ஃபேன் பக்கம் வேண்டாம்.

நான்காவதுதான் எல்லோரும் தவறவிடும் இடம். 'மைனஸ்ஸிலேயே மாட்டினேன், ஒன்றும் ஆகவில்லையே' என்பார்கள். கடைசி கிளாம்ப் மாட்டும்போதுதான் சுற்று முழுமையடைகிறது, அப்போது பொறி பறக்கும். அந்தப் பொறி ஹைட்ரஜன் வெளிவரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. முக்கியமாக அதற்காகத்தான் தள்ளி மாட்டச் சொல்வது. தானாக எஞ்சின் அணைந்து எழும் வசதியுள்ள கார்களில் மைனஸ் டெர்மினலில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அங்கே கிளாம்ப் போடாமலிருக்க இது இரண்டாவது காரணம்.

மாட்டி முடித்ததும் நிறத்தை நம்பாமல், பேட்டரியில் பொறித்திருக்கும் கூட்டல், கழித்தல் குறிகளை இன்னொரு முறை சரிபாருங்கள். மாற்றி மாட்டினால் பெரிய ஃப்யூஸும், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரின் டயோடும் நொடியில் போய்விடும், கண்ட்ரோல் யூனிட்டும் தப்பாமல் போகலாம்.

அப்புறம் நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து, ஐடிலுக்கு மேல் கொஞ்சம் வேகம் வைத்து 5 நிமிடம் ஓடவிடுங்கள். இறங்கிய பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் ஏறட்டும். பிறகு மற்ற வண்டியில் செல்ஃப் அடியுங்கள். ஒரு முறைக்கு 5 நொடி, மிஞ்சினால் 10 நொடி. எடுக்காவிட்டால் ஒரு நிமிடமாவது விட்டு மறுபடி. விடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடேறி எரியும்.

எஞ்சின் பிடித்ததும் ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு, ஏசி புளோவரை முழு வேகத்தில் வையுங்கள். கேபிளைப் பிரிக்கும்போது எழும் வோல்ட்டேஜ் துள்ளலை அது தாங்கிக்கொள்ளும். பிறகு மாட்டியதற்குத் தலைகீழாகக் கழற்றுங்கள்: இரும்பில் போட்ட கறுப்பு முதலில், நல்ல பேட்டரியின் கறுப்பு அடுத்து, நல்ல பேட்டரியின் சிவப்பு, கடைசியாக இந்த வண்டியின் சிவப்பு. கழற்றும்போது கிளாம்ப்புகள் ஒன்றையொன்று தொடக் கூடாது.

மாட்டிய பிறகு வரும் அறிகுறிகள்

கேபிள் போட்டும் அதே டக்-டக் என்றால் கிளாம்ப்பின் பல் சரியாகக் கடிக்கவில்லை. அசைத்துத் திருகி உட்காரவையுங்கள், எர்த் போட்ட இடத்தில் பெயின்டோ கிரீஸோ இருந்தால் இடம் மாற்றுங்கள். இன்னும் 10 நிமிடம் சார்ஜ் ஏறவிட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் கேபிள் மெல்லியது, அல்லது பேட்டரியின் உள்ளே ஷார்ட்.

செல்ஃப் அடித்த பின் கேபிள் வெதுவெதுப்பாவது இயல்பு. செல்ஃப் அடிக்காமலேயே சுட்டாலோ, ரப்பர் நாற்றம் வந்தாலோ, கடைசி கிளாம்ப் தொட்டதும் பெரிய பொறி வெடித்து நல்ல வண்டியின் எஞ்சின் முக்கினாலோ அத்தோடு நிறுத்துங்கள். நல்ல வண்டியை ஆஃப் செய்து, இரும்பில் போட்ட கறுப்பை முதலில் எடுத்துவிடுங்கள். எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது பிளஸ்-மைனஸ் மாறியிருக்கிறது.

பேட்டரி சீறுகிறது, ஆவி வருகிறது என்றால் கேபிளை எடுக்கக்கூட அதன் மேல் குனியாதீர்கள். உதவி வண்டியை ஆஃப் செய்துவிட்டு எல்லோரும் தள்ளி நில்லுங்கள், அடங்கிய பிறகு பார்க்கலாம். அமிலம் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு நேராக மருத்துவமனை. கண்ணில் சோடா மாவுக் கரைசல் ஊற்றச் சொல்வார் யாராவது. ஊற்றாதீர்கள், வெறும் தண்ணீர் மட்டும்தான்.

ஸ்டார்ட் ஆனது, கேபிளை எடுத்ததும் நின்றுவிட்டது

ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை என்று வலுவாகச் சந்தேகிக்கலாம். மறுபடி ஜம்ப் கொடுத்து ஓட்டிப் போய்விடலாம் என்று கிளம்பினால் நடுவழியில் நிற்பீர்கள், அது இரவாக இருந்தால் ஹெட்லைட்டும் இருக்காது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.7 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.5-லேயே நின்று மெல்ல இறங்கினால் பெல்ட் அறுந்திருக்கிறதா, நழுவுகிறதா பாருங்கள். அதற்கு அடுத்தது ஆல்டர்னேட்டர். ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும்' பழைய முறையை யாரும் செய்யவிடாதீர்கள். அந்த நொடியில் எழும் வோல்ட்டேஜ் இன்றைய வண்டியின் எலக்ட்ரானிக்ஸைச் சுட்டுவிடும்.

நன்றாக ஓடியது, மறுநாள் காலை மறுபடி படுத்துவிட்டது

அரை மணி நேரம் ஓட்டினால் சார்ஜ் ஏறிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். முழுக்க இறங்கிய பேட்டரிக்கு அது போதவே போதாது, ஐடிலில் விடுவது அதைவிட மோசம். வீட்டுச் சார்ஜரில் 45 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 4, 5 ஆம்பியர் வைத்து ஓர் இரவு முழுக்கப் போடுவதுதான் சரி. வாரக்கணக்கில் காலியாகவே விட்டால் தகடுகளில் படியும் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

முழுக்கச் சார்ஜ் போட்டும் இரண்டு நாளில் படுத்தால் பேட்டரி கிழடாகியிருக்கும், அல்லது நிற்கும்போதே ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது. கடிகாரம், அலாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை போவது இயல்பு. அதுவே மூன்று வாரத்தில் 25 ஆம்பியர்-மணியைத் தின்றுவிடும், ஆகையால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டி படுப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் டிக்கிக்குள் அணையாமல் எரியும் ஒரு 5 வாட் பல்பு நாளுக்கு 10 ஆம்பியர்-மணி குடிக்கும்; ஒரே வாரத்துக்குள் வேலையை முடித்துவிடும்.

கண்டுபிடிக்க, வண்டியைப் பூட்டி முக்கால் மணி நேரமாவது விட்டு எல்லா யூனிட்டும் தூங்கிய பிறகு, மைனஸ் ஒயரில் ஆம்பியர் மீட்டர் வைத்து, ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எந்த ஃப்யூஸை எடுத்ததும் அளவு சட்டென்று விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. பின்னால் சேர்த்த கேமரா, மியூசிக் சிஸ்டம், டிராக்கர் எல்லாவற்றையும் முதலில் சந்தேகப்படுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், அதன் ஃப்யூஸ் போய்விடும்.

பைக்குக்கு ஜம்ப் கொடுக்கலாமா?

12 வோல்ட் ஈய-அமில பேட்டரி என்றால் கொடுக்கலாம், அதே வரிசைதான். உதவிக்குக் கார் என்றால் கார் எஞ்சினை ஆஃபிலேயே வையுங்கள், பைக்குக்கு அதன் பேட்டரி மட்டுமே தாராளம். பைக்கின் டெர்மினல்கள் நெருக்கமாக இருப்பதால் பெரிய கிளாம்ப்புகள் ஒன்றையொன்று தொட வாய்ப்பு அதிகம், அதில்தான் கவனம் வேண்டும். லித்தியம் பேட்டரி போட்ட பைக்குக்கு இந்த முறை வேண்டாம், அதற்குரிய சார்ஜர்தான். கிக்கர் இருந்தால் உதைத்துப் பாருங்கள், கேபிளே தேவைப்படாது.

தள்ளி ஸ்டார்ட் செய்வது

மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும், அதுவும் பேட்டரியில் கொஞ்சமாவது சார்ஜ் இருந்தால்தான். ஒன்றுமே எரியாத வண்டியில் இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் மின்சாரம் கிடைக்காது. இக்னிஷன் ஆன், இரண்டாவது கியர், கிளட்ச்சை மிதித்தபடி தள்ளச் சொல்லி, வேகம் வந்ததும் கிளட்ச்சை விடுங்கள். எஞ்சின் பிடிக்கும்வரை பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இருக்கும், அதனால் சரிவில் இதை முயலாதீர்கள். ஆட்டோமேட்டிக்கில் இந்த வழியே கிடையாது.